வலக்கைப் பக்கத்துக் கற்குவியல்

யுல்சும், ஜன்ஸ்கார்
14 ஜூன் 1997

மோட்டுப் அவர்களுக்கு,

‘அண்ணா’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. என் கணவர், உங்கள் தம்பி பல்தன் போய் மூன்று வருடமாகப் போகிறது. இத்தனை நாளில் நீங்கள் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, நானும் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுவதும் பாசத்தில் இல்லை.

கணவாய் இந்த வருடம் சீக்கிரம் திறந்துவிட்டது. போன வாரம் நக்போ கணவாய்க்கு ஏறிப் போனேன். துணைக்கு ஸ்கர்மா வந்தார். அன்றைக்கு நீங்களும் பல்தனும் வழிகாட்டிப் போன மலையேற்றக் குழுவுக்குச் சமைக்க வந்த அதே ஸ்கர்மாதான். இப்போது சொந்தமாக நாலு குதிரை வைத்துக்கொண்டு கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறார். பல்தன் விழுந்த இடத்தை அவர்தான் காட்டினார். பனிப்பிளவுக்குள் போன உடம்பு வெளியே வரவே இல்லை. எரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போன மனிதருக்கு ஒரு கல்லாவது இருக்கட்டும் என்று அந்த இடத்தில் கற்குவியல் ஒன்று எழுப்பிவிட்டு வந்தேன். இடுப்பளவு உயரம். மந்திரம் செதுக்கிய கல்லை வீட்டிலிருந்தே முதுகில் சுமந்துகொண்டு போனேன். ஐந்து நிறத்திலும் கொடி கட்டியிருக்கிறேன்.

ஸ்கர்மா வழியெல்லாம் புலம்பல்தான். “உயிரோட இருந்தப்பவே அவன் கனமான ஆளு. செத்தும் நம்மள கல்லு தூக்க வைக்கிறான் பாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

விஷயம் இதுதான். குன்சேஸுக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அவளிடம், “உங்கப்பா குடிச்சுட்டுக் குழியில விழுந்தவருதானே?” என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்வது? ஊர் கூடிய மடத்து முற்றத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள், காலையிலேயே சாங் குடித்திருந்தான், சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கு வழியில் இறங்கிவிட்டான் என்று. குன்சேஸ் காய்ச்சலில் பிழைத்த வருடம் மடத்தில் தலை வைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர் அவர். கல்யாண வீட்டில்கூடக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார். அது உங்களுக்குத் தெரியாதா?

இப்போது இடத்தையும் பார்த்துவிட்டேன். அது ஊரார் இறங்குகிற குறுக்கு வழியே இல்லை. அங்கே ஒருவர் தானாகப் போக மாட்டார்.

அதே முற்றத்தில் வந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு உங்களிடம் வேறு எதுவும் வேண்டாம்.

யாங்டோல்


மணாலி
2 ஜூலை 1997

அன்புள்ள தங்கச்சி யாங்டோலுக்கு,

நலம். உன் நலமும் குன்சேஸ் நலமும் அறிய ஆவல். ஸ்கர்மா உன் கடிதத்தைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். பாதி எழுத்து வெண்ணெய் பட்டு அழிந்திருந்தது. நான் படிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், “என்னப்பா, வாசல்ல நாய் கடிச்ச மாதிரி முழிக்கிற?” என்றான். அவனுக்குத் தேநீர் ஊற்றினேன்.

இங்கே சீசன் சூடுபிடித்துவிட்டது. நாலு நாள் ஓய்வில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குழு, அவர்கள் போனதும் புனேயிலிருந்து பன்னிரண்டு பேர். புனேக்காரர்கள் முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவார்கள், இரண்டாம் நாள் தலைவலி, மூன்றாம் நாள் நான் அவர்களுடைய பைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நீ சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

குன்சேஸுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே கம்பளி வைத்தது.

பழசைக் கிளறாதே யாங்டோல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளிக்கூடத்துப் பெண்கள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு மறந்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை நீ கட்டாயம் கேட்க வேண்டும். அந்தக் கற்குவியலைப் பிரித்துவிடு. கோபப்படாமல் படி. நீ ஊரிலிருந்து மேலே ஏறிப் போனவள். ஏறும்போது உனக்கு இடது பக்கம் பாறை, வலது பக்கம் பனி. குவியலை வலக்கைப் பக்கம் விட்டு நடந்திருப்பாய், பாறையை ஒட்டிப் போயிருப்பாய். அது நல்ல வழி. மணாலிப் பக்கமிருந்து கணவாயைத் தாண்டி இறங்கி வருகிறவனை நினைத்துப் பார். அவனும் நம்ம ஆள். கொடியும் மந்திரக் கல்லும் இருக்கிற குவியலை அவனும் வலக்கைப் பக்கம்தான் விடுவான். அப்படி விட்டால் அவன் கால் எங்கே போகும்? பனிப்பக்கம், பிளவு இருக்கிற பக்கம். வெள்ளைக்காரர்களுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற பக்கம் போவார்கள். நம்ம ஆட்கள் செத்தாலும் இடப்பக்கமாகச் சுற்ற மாட்டார்கள், உனக்கே தெரியும்.

கொடியைக் கொண்டுபோய்க் கணவாயின் உச்சியில் கட்டிவிடு. அங்கே காற்றும் நன்றாக அடிக்கும்.

உன் அண்ணன்
மோட்டுப்


யுல்சும்
19 ஜூலை 1997

மோட்டுப் அவர்களுக்கு,

பூட்ஸ் வந்தது. குன்சேஸின் கால் பாதிதான் உள்ளே போகிறது. நீங்கள் மூன்று வருடத்துக்கு முந்தைய காலுக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். குன்சேஸ் தன் காலைக் காகிதத்தில் வைத்துத் தானே பென்சிலால் வரைந்து, “பெரியப்பாவுக்கு அனுப்பும்மா” என்று நிற்கிறாள். அவளுக்காக வைத்திருக்கிறேன். எனக்கு அனுப்ப மனமில்லை.

என் கடிதத்தில் நான் கேட்டது ஒன்று. அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. புனேக்காரர்களின் தலைவலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் வாயில் அந்தப் பேச்சைப் போட்டது யார்?

பிறகு கற்குவியல். உங்கள் கடிதம் வந்த மறுநாளே மேலே போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஏறும்போதும் பார்த்தேன், உச்சிவரை போய்த் திரும்பி இறங்கியும் பார்த்தேன். பிளவு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இறங்குகிறவர்களுக்குக் கண் இல்லையா? நான் இறங்கும்போது நின்று கும்பிட்டுவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பாறைப் பக்கமாகவே வந்தேன். தெய்வம் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு எது உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் குவியல் அங்கே நின்றால், போகிற வருகிற குதிரைக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள், ‘இது குறுக்கு வழி இல்லையே, பல்தன் இங்கே எதுக்கு வந்தான்?’ என்று. கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார் என்று மூன்று வருடம் நிம்மதியாக இருந்தீர்கள். இப்போது கல் சாட்சி சொல்கிறது. அதைப் பிரிக்கச் சொல்கிறீர்கள்.

சரி, பிரிக்கிறேன். நீங்கள் வந்து முற்றத்தில் நின்று சொன்ன அன்றைக்கே பிரிக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டேன்.

யாங்டோல்

குன்சேஸ் அழுகிறாள். காகிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன்.


மணாலி
8 ஆகஸ்ட் 1997

யாங்டோல்,

பாதத்தின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அப்படியே பல்தனுடையது, கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு.

இந்தக் கடிதத்தோடு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். போன மாதம் உங்கள் கணவாயைத் தாண்டி வந்த ஒரு விருந்தாளி எடுத்தது. அவருக்குக் கொடியின் நிறம் பிடித்துப்போய் எடுத்திருக்கிறார். நீ நிறத்தைப் பார்க்காதே. குவியலுக்குப் பக்கத்தில் பனியில் ஒரு சாம்பல் கோடு தெரிகிறதா? அதுதான் பிளவு. குவியலிலிருந்து எட்டு அடி இருக்குமா? மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த இடத்துக்கும் பிளவுக்கும் நடுவில் இருபது அடி இருந்தது. பனி நகர்கிறது யாங்டோல், அது நம்மைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. இப்போது வாய் திறந்து கிடக்கிறது, யாரும் பார்த்துக்கொள்வார்கள். செப்டம்பரில் புதுப் பனி விழுந்தால் மேலே போர்வை போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். அப்போது நீ வந்து பார், ஒன்றுமே தெரியாது.

ஸ்கர்மாவிடமும் சொன்னேன். இறங்கும்போது பாறைப் பக்கமாகப் போடா, குவியலைக் கண்டுகொள்ளாதே என்று. அவன் என்ன சொன்னான் தெரியுமா? “மத்த குவியலா இருந்தா சரி. இது பல்தனோடது. அவன் உயிரோட இருந்தப்ப முதுகைக் காட்டினவன் நீ. செத்தவனுக்கு இடது கையைக் காட்ட என்னால ஆகாது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பூஜை, விரதம் என்று எதையும் மதிக்காத பயல், லாமாக்களையே கிண்டல் செய்கிறவன், இதில் மட்டும் பிடிவாதம். அன்று அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவன் குதிரைகளோடு பாறை வழியில் முன்னால் போய்விட்டான்.

அன்றைக்கு நடந்தது

இல்லை. காகிதத்தில் வேண்டாம். அக்டோபரில் சீசன் முடிந்ததும் நானே வருகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். ஆனால் குவியலை இப்போதே பிரித்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மோட்டுப்


யுல்சும்
30 ஆகஸ்ட் 1997

புகைப்படத்தைப் பார்த்தேன். ஒரு முறையல்ல, பத்து முறை பார்த்தேன்.

உங்கள் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. பார்லி அறுவடையைப் போட்டுவிட்டு மறுபடி மேலே போனேன். பிரிக்கத்தான் போனேன். மேல் கல்லில் கை வைத்தேன். வெயிலில் அது சூடாக இருந்தது. அவருடைய தோளில் கை வைத்த மாதிரி இருந்தது. என்னால் முடியவில்லை. இதைப் பிரித்துவிட்டால் அவர் நின்ற இடம் என்று உலகத்தில் எனக்கு எதுவுமே இருக்காது, ‘குடிச்சுட்டு விழுந்தவன்’ என்ற பேச்சு மட்டும்தான் மிஞ்சும். திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் என்கிறீர்கள். போன வருடமும் ஆள் மூலமாக அக்டோபர் என்றுதான் சொல்லி அனுப்பினீர்கள். அக்டோபர் வந்தால் ஸ்பிதிப் பயணம் என்பீர்கள், பிறகு கணவாய் மூடிவிட்டது என்பீர்கள்.

செப்டம்பர் 20 அவருடைய நாள். மடத்தில் விளக்கேற்றுகிறோம். ஊரே வரும். அன்றைக்கு வாருங்கள். பேசிவிட்டு உங்கள் கையாலேயே குவியலைப் பிரியுங்கள், நான் கொடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். வராவிட்டால் அது அங்கேயே நிற்கும்.

யாங்டோல்


மணாலி
16 செப்டம்பர் 1997

யாங்டோல்,

நான் வரவில்லை. ஸ்பிதிக்கு ஒரு குழு இருக்கிறது. அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. வேறொருவனை அனுப்பியிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நேற்று பையைக் கட்டினேன், இன்று காலையில் அவிழ்த்துவிட்டேன். நாற்பத்தொரு வயது ஆளுக்கு இது வெட்கக்கேடு. அதனால் நான் வராமல் உண்மையை மட்டும் அனுப்புகிறேன்.

அன்று கணவாயின் உச்சியில் மூடுபனி. விருந்தாளிகளில் வயதான ஒருவருக்கு மூச்சு முட்டியது, உதடு நீலமாகிவிட்டது. சீக்கிரம் கீழே இறக்க வேண்டும். பாறை வழியாகப் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகும். பனியில் நேராக இறங்கிவிடலாம் என்றேன். பல்தன் வேண்டாம் என்றான். “அண்ணா, போன வாரம்தான் இங்க ஒரு பிளவைப் பார்த்தேன். சுத்தியே போவோம்” என்றான். எனக்குக் கோபம். தலைவன் நான், விருந்தாளிகள் முன்னால் என்னை மறுத்துப் பேசுகிறான் என்று. “பயமா இருந்தா குதிரை வாலைப் புடிச்சுக்கிட்டு ஸ்கர்மா பின்னாடி போடா. யாங்டோல்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றேன். விருந்தாளிகளுக்கு மொழி புரியாவிட்டாலும் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான். தேநீர்க் குடுவையை என்னிடம் கொடுத்துவிட்டு, “சரி, விழுந்தா நீதான் வந்து தூக்கணும்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். பத்து எட்டு வைத்திருப்பான்.

ஊரில் நான், விழுந்ததும் போய்விட்டான் என்றேன். அதுவும் பொய். உள்ளேயிருந்து கூப்பிட்டான். மூன்று முறை கூப்பிட்டான். கயிறு குதிரை மேல் இருந்தது, குதிரை ஸ்கர்மாவோடு பாறை வழியில் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து அவனுக்குப் பதில் குரலாவது கொடுத்திருக்கலாம். நான் கிழவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மற்றவர்களைப் பாறைப் பக்கமாகத் திருப்பி இறங்கிவிட்டேன். கயிறும் ஸ்கர்மாவுமாகத் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கிழவர் பிழைத்துக்கொண்டார். வருடா வருடம் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்.

அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. முற்றத்தில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை நானே அனுப்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. குடித்திருந்தான் என்று வந்துவிட்டது. ஒரு முறை வந்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அவன் தலையில் வைத்தேன். பாவம் என்னிடம்தான் இருக்கிறது, அது ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்தக் கடிதத்தை முற்றத்தில் எல்லாரும் கேட்க வாசி. என் பெயரைச் சொல்லி வாசி. இனி நான் உன்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே இப்போதாவது நம்பு. குவியலைப் பற்றி நான் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல. இங்கே இரண்டு நாளாக உயரத்தில் பனி விழுகிறது. இது உன் கைக்கு வந்த அன்றைக்கே போய்ப் பிரித்துவிடு.

ஸ்கர்மா கீழே நின்றுகொண்டு, “காவியம் எழுதுறியா? லாரி போயிடும்டா!” என்று கத்துகிறான். குன்சேஸுக்குப் பூட்ஸ் வாங்கியிருக்கிறேன், படத்தின் மேல் வைத்து அளந்து வாங்கியது. அவனுடைய குதிரைப் பையில் இருக்கிறது. இதையும் அதிலேயே வைக்கச் சொல்கிறேன், சட்டைக்குள் வைத்தால் வெண்ணெய் பட்டுவிடும். வழக்கமாக ஐந்து நாள் ஆகும். இருபதாம் தேதிக்குள் யுல்சுமில் இருப்பேன் என்கிறான். விளக்குக்கு முன்னால் வந்துவிட வேண்டுமாம்.

மோட்டுப்


யுல்சும்
3 அக்டோபர் 1997

உங்கள் கடிதம் கிடைத்தது.

இருபதாம் தேதி மடத்தில் விளக்கேற்றினோம். நீங்கள் வருவீர்கள் என்று குன்சேஸ் வாசலிலேயே நின்றாள். அதற்கு முன்னால் இரண்டு நாள் மேலே நல்ல பனி. மறுநாள் மதியம் மலைச்சரிவில் குதிரை மணிச் சத்தம் கேட்டது. நீங்கள்தான் ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டீர்கள் என்று, கையில் இருந்த மாவோடு ஓடினேன். ஸ்கர்மாவின் நாலு குதிரைகளும் வந்தன. பின்னால் யாரும் வரவில்லை.

ஆண்கள் ஆறு பேர் ஏறிப் போனார்கள். நானும் போனேன், யாரும் தடுக்கவில்லை. கால் தடம் அப்படியே இருந்தது. புதுப் பனி என்பதால் குதிரைகளைப் பாறைப் பக்கம் நிறுத்திவிட்டு அவர் முன்னால் நடந்திருக்கிறார். குவியல்வரை பாறையை ஒட்டித்தான் வந்திருக்கிறார். நின்றிருக்கிறார். மேலே ஒரு புதுக் கல் வைத்திருக்கிறார், அதன் மேல் பனி இல்லை. பிறகு குவியலை வலக்கைப் பக்கம் விட்டு நடந்திருக்கிறார். நாலு எட்டு. அதற்கப்புறம் தடம் இல்லை, ஒரு ஆள் அளவுக்கு ஓட்டை.

கயிறு இறக்கிப் பார்த்தார்கள். எட்டவில்லை. நாங்கள் எவ்வளவோ கூப்பிட்டோம். பதில் இல்லை.

ஊர்த்தலைவர் இறங்கும்போதே சொன்னார், “குடிச்சிருப்பான். பாவம், அந்தக் குளிருக்குக் குடிக்காம என்ன பண்ணுவான்?” இரக்கப்பட்டுத்தான் சொன்னார். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊருக்குள் போய்ச் சேருவதற்குள் அதுவே முடிந்த முடிவாகிவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், அப்படியே போயிருக்கும். உங்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

குதிரைப் பையை அவிழ்த்தபோது பூட்ஸுக்குள் உங்கள் கடிதம் இருந்தது. வெண்ணெய் படவில்லை. இது ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன், இதைக் கொண்டுவந்தவரே அவர்தானே, இது எப்படி அவருக்கு முன்னால் வரும்?

மறுநாள் தனியாகப் போய்க் குவியலைப் பிரித்தேன். பொழுது சாயும்வரை ஆயிற்று. கல்லையெல்லாம் பாறையடியில் சிதறவிட்டேன். கொடியை உச்சியில் கட்டினேன், நீங்கள் சொன்ன மாதிரி. மந்திரக் கல்லை மறுபடி முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். போகும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு கனம்.

பிறகு ஸ்கர்மாவின் மனைவி ஸ்பல்சேஸிடம் போனேன். வீடு நிறைய ஆட்கள், லாமாக்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். “அவரு குடிக்கல. நான் கட்டின குவியலை வலம் வரப் போய் விழுந்துட்டாரு. பிரிச்சுடுன்னு ரெண்டு தடவை எழுதி வந்துச்சு. நான் பிரிக்கல” என்றேன். ஸ்பல்சேஸ் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கும் தேநீர் ஊற்றினாள். குடித்தேன். கோப்பை காலியாகிவிட்டது. நம் ஊரில் யார் வீட்டிலாவது கோப்பை காலியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? அவள் எல்லாருக்கும் நிரப்பிக்கொண்டே வந்தாள், என் கோப்பையைத் தாண்டிப் போனாள். மறுபடியும் தாண்டிப் போனாள். நான் காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு பூஜை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து தினமும் போகிறேன். அவளுடைய குதிரைகளுக்குப் புல் போடுகிறேன். இன்னும் நிரப்பவில்லை.

நீங்கள் மூன்று வருடம் வாய் திறக்கவில்லை. நான் மூன்று மாதம் கல்லை நகர்த்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஸ்கர்மா கிடக்கிறார். இதில் யாருடைய பங்கு பெரிது என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. உங்களிடம் கோபப்படும் உரிமை எனக்கு இருந்தது. அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை முற்றத்தில் வாசிக்கவில்லை. வாசிக்கவும் மாட்டேன். என் தப்பை நான் என் வாயால் சொன்னேன். உங்களுடையதை நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். குன்சேஸ் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். பூட்ஸ் அவளுக்குச் சரியாக இருக்கிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் நீங்கள். மூன்று முறை கூப்பிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று எழுதவில்லை. உங்களையா, என்னையா, அம்மாவையா? அதை நான் கேட்க வேண்டும். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

கணவாய் மூட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மூடிவிட்டால் ஜனவரியில் ஆறு உறைந்த பிறகு அந்த வழியாக வாருங்கள். ஆனால் இப்போதே வாருங்கள். உச்சியில் கொடியைப் பார்ப்பீர்கள், அங்கே நிற்க வேண்டாம். இறங்கும்போது வலக்கைப் பக்கம் இனிமேல் எதுவும் இருக்காது, சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

பாறையை ஒட்டியே வாங்க, அண்ணா.

யாங்டோல்